முதுமை எய்திய சிறு கார் — ஒரு வரலாற்று நோக்கு

வீடு, நிலம், நகை ஆகிய மூன்றையுமே நம் முன்னோர் சொத்து என்று போற்றினர். ஊர்தியை அவர்கள் அவ்வரிசையில் வைத்து எண்ணவில்லை. மாட்டு வண்டி உழைப்பிற்கு உதவும் கருவி. அச்சு முறிந்தால் தச்சர் திருத்துவார். திருத்த இயலாத நிலை வந்தால் அது அடுப்பிற்கு விறகாகும். சுதந்திர இந்தியாவின் நடுத்தரக் குடும்பங்களில் வந்து சேர்ந்த சிறு காரோ கருவியாகவும் சொத்தாகவும் உறவாகவும் ஒருங்கே விளங்கிற்று. பெயர் சூட்டு விழாவிற்குக் குழந்தையை அழைத்து வந்ததும் அதுவே. அக்குழந்தையைப் பின்னாளில் மணமகளாய் ஏற்றிச் சென்றதும் அதுவே. ஆதலால் அது முதுமை எய்தும்போது அதனை என்ன செய்வது என்னும் கேள்வி, கணக்குப் புத்தகத்தை மட்டும் பார்த்து விடை கூறத்தக்க கேள்வியாக அமைவதில்லை.

நம் குடியிருப்பில் உறையிட்டு நிறுத்தப்பட்டிருக்கும் வண்டிகள் சில உண்டு. அவற்றின் உரிமையாளர் முன் மூன்று வழிகள் உள்ளன. வண்டியைப் பழைய நிலைக்கே புதுப்பித்தல் ஒன்று, காலத்திற்கேற்ப மாற்றியமைத்தல் மற்றொன்று, விற்றுவிடுதல் மூன்றாவது. இம்மூன்று வழிகளும் எக்காலத்தும் ஒரே அளவில் திறந்திருந்தன என்று எண்ணுதல் தவறு. ஒரு காலத்தில் ஒரு வழி திறந்திருந்தது. பிறிதொரு காலத்தில் அது அடைபட்டு வேறொன்று திறந்தது. அவ்வரலாற்றை அறிந்தோர்க்கு இன்றைய முடிவு எளிதாகும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

மூன்று தொழிற்சாலைகள்

சுதந்திரத்திற்கு முன் இந்நாட்டில் ஓடிய கார்கள் பெரும்பாலும் வெளிநாட்டுப் பாகங்களைக் கொண்டு இங்கே பூட்டப்பட்டவை. ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி 1928 முதல் பம்பாயில் அப்பணியைச் செய்து வந்தது. ஃபோர்டு கம்பெனிக்கும் இங்குப் பூட்டும் நிலையங்கள் இருந்தன. இந்தியரின் முயற்சியாக 1942-இல் பிர்லா குடும்பத்தாரின் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தோன்றியது. குஜராத்தின் ஓக்கா துறைமுகத்தில் தொடங்கிய அது, 1948-இல் வங்காளத்து உத்தரபாராவிற்கு இடம் பெயர்ந்தது. 1944-இல் வால்சந்து ஹீராசந்து நிறுவிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் கம்பெனி பம்பாய்க் குர்லாவில் தொழில் நடத்தியது. 1948-இல் சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் கம்பெனி பிறந்தது. அதன் தொழிற்சாலை வண்டலூரை அடுத்து அமைந்தது.

1953-இல் சுங்கவரிக் குழு ஒரு முக்கியமான பரிந்துரையைச் செய்தது. பாகங்களைப் படிப்படியாக இந்நாட்டிலேயே உற்பத்தி செய்யும் திட்டமுடைய கம்பெனிகளே இனித் தொழில் நடத்தலாம் என்பது அதன் சாரம். அரசாங்கம் அதனை ஏற்றது. வெளிநாட்டுக் கம்பெனிகள் கதவடைத்துச் சென்றன. அது முதல் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் இந்தியர் கார் வாங்குவதென்றால் இம்மூன்று தொழிற்சாலைகளையே நாட வேண்டியிருந்தது. உத்தரபாராவின் அம்பாசிடர் சற்றுப் பெரிய வண்டி. குர்லாவின் ஃபியட்டும் சென்னையின் ஸ்டாண்டர்டும் சிறு குடும்பத்திற்கேற்ற வண்டிகள்.

காத்திருந்த காலம்

மூன்று தொழிற்சாலைகளின் உற்பத்தி நாட்டின் தேவைக்குப் போதவில்லை. 1959-இல் கார்களின் விநியோகத்தையும் விற்பனையையும் கட்டுப்படுத்தும் ஆணை பிறந்தது. பணம் இருப்பவரும் பெயரைப் பதிவு செய்துகொண்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தனர். ஃபியட் வண்டிக்குக் காத்திருப்போர் வரிசை மிக நீண்டது. புதிய வண்டியின் கட்டுப்பாட்டு விலையைவிடச் சில காலம் ஓடிய வண்டியின் சந்தை விலை உயர்ந்து நின்ற விந்தையும் அந்நாளில் நிகழ்ந்தது.

இந்நிலையில் பழைய வண்டியை விற்பவர் யார்? விற்றால் மற்றொன்று கிடைப்பதற்குள் பிள்ளைகள் பள்ளிப் படிப்பையே முடித்துவிடுவார்கள். ஆதலால் விற்பனை என்னும் வழி பலருக்கு அடைபட்டிருந்தது. வண்டியைக் காப்பதே கதி. சிலிண்டர் தேய்ந்தால் கடைந்து பெரிதாக்கி, அளவு கூடிய பிஸ்டனைப் பொருத்தினர். கதவின் அடிப்பகுதி துருப்பிடித்தால் அதனை வெட்டி நீக்கிப் புதுத் தகட்டை ஒட்ட வைத்தனர். கம்பெனிப் பாகம் கிடைக்காத இடத்தில் பட்டறைக்காரர் தாமே கடைந்து கொடுத்தார். இன்று ‘பழமை காத்தல்’ என்று பெருமையோடு பேசப்படும் இக்கலை, ஆர்வத்தால் பிறந்ததன்று, பற்றாக்குறையால் பிறந்தது. ஏட்டுப் படிப்பு மிகுதியில்லாத எண்ணற்ற பட்டறைத் தொழிலாளிகளே இந்தியக் காரின் ஆயுளை நீட்டித்தவர்கள் என்பதை நன்றியோடு நினைத்தல் வேண்டும்.

மாற்றியமைத்தலும் அக்காலத்துப் பழக்கமே. பெட்ரோல் விலை ஏறியபோது அம்பாசிடர் முதலிய வண்டிகளில் பலர் டீசல் எஞ்சினைப் பொருத்தினர். பின்னர் 2000-க்குப் பிந்திய ஆண்டுகளில் நீதிமன்ற ஆணையையொட்டி மும்பையின் பழைய டாக்சிகள் இயற்கை எரிவாயுவிற்கு மாறின. இம்மாற்றங்கள் அலங்காரத்திற்காகச் செய்யப்பட்டவை அல்ல. பிழைப்பிற்காகவும் ஊர்க் காற்றின் நலத்திற்காகவும் செய்யப்பட்டவை. மாற்றத்திற்கு ஒரு தக்க காரணம் இருந்தது.

சென்னையில் பிறந்த ஹெரால்டு

தமிழராகிய நமக்குத் தனி உரிமையுடையது சென்னையின் ஸ்டாண்டர்டு கார். வேன்கார்டு, எட்டு, பத்து, பென்னன்ட் எனப் பல வண்டிகளுக்குப் பின், 1961-இல் ஹெரால்டு வெளிவந்தது. இங்கிலாந்தில் 1959-இல் தோன்றிய டிரையம்ப் ஹெரால்டின் இந்திய வடிவம் அது. அதன் தோற்றத்தை வகுத்தவர் இத்தாலிய நாட்டு ஜியோவன்னி மிக்கெலொட்டி. எஞ்சின் 948 கன சென்டிமீட்டர் கொள்ளளவுடையது. 25 அடி வட்டத்திற்குள் திரும்பவல்லது; குறுகிய தெருக்களில் அதனை ஓட்டியோர் இந்த அருமையை நன்கு அறிவர்.

ஹெரால்டின் அமைப்பில் ஒரு வரலாற்றுச் செய்தி மறைந்துள்ளது. 1953-இல் இங்கிலாந்தில் காரின் மேற்கூட்டைத் தயாரித்து வந்த ஒரு பெரிய கம்பெனி, போட்டிக் கம்பெனியின் கைக்குச் சென்றுவிட்டது. முழுக் கூட்டையும் ஓரிடத்தில் செய்துகொள்ள இயலாத ஸ்டாண்டர்டு-டிரையம்ப் கம்பெனியார் பழைய முறைப்படி சேசிஸ் என்னும் தனி அடிச்சட்டத்தைச் செய்தனர். மேற்கூட்டைப் பல பகுதிகளாகப் பல இடங்களில் செய்வித்து, அச்சட்டத்தின் மீது போல்ட்டுகளால் முடுக்கினர். முன்புற மூடி முழுவதும் ஒரே துண்டாக முன்னோக்கிச் சாயும். வணிக நெருக்கடியால் விளைந்த இவ்வமைப்பு, அறுபது ஆண்டுகளுக்குப் பின் நமக்கு நன்மையாய் முடிந்தது. பழுதுற்ற பகுதியை மட்டும் கழற்றித் திருத்தவோ வேறு வண்டியிலிருந்து எடுத்துப் பொருத்தவோ இயலும். அடிச்சட்டம் துருவால் அரிக்கப்படாதிருப்பின் ஹெரால்டைப் புதுப்பிக்க வழியுண்டு. அடிச்சட்டமே இற்றுப்போயிருந்தால் செலவு பெருகும். வாங்குவோரும் காப்போரும் முதலில் குனிந்து நோக்க வேண்டிய இடம் அதுவே.

1968-இல் நான்கு கதவுகளுடைய ஹெரால்டு வந்தது. இது இந்தியாவிற்கே உரியது. 1971-இல் ஹெரால்டின் உற்பத்தி நின்றது. 1972 முதல் 1977 வரை அதன் வழி வந்த கெசல் விற்பனையாயிற்று. பின்னர் 1985-இல் ஸ்டாண்டர்டு 2000 என்னும் பெரிய காரைக் கம்பெனி வெளியிட்டது. அது வெற்றி பெறவில்லை. 1988-இல் தொழிற்சாலை மூடப்பட்டது. சென்னை இன்று உலகறிந்த மோட்டார் நகரம். ஆயினும் அதற்கு முன்னோடியாய் நின்ற தொழிற்சாலையின் பெயரை அந்நகரத்து இளைஞரிற் பலர் அறியார். எஞ்சியுள்ள ஹெரால்டுகளே அதற்குச் சாட்சி.

மாருதி வந்தது

எல்லாரும் வாங்கத்தக்க மலிவான சிறு கார் வேண்டும் என்னும் பேச்சு நெடுநாளாகவே இருந்தது. எல். கே. ஜா தலைமையில் அமைந்த குழு 1960-லேயே அதனை வற்புறுத்திற்று. 1971-இல் தொடங்கப்பெற்ற முதல் மாருதி கம்பெனி, மக்களுக்கான காரைச் சந்தைக்குக் கொணர இயலாமலே கலைந்தது. 1981-இல் அரசாங்கம் மாருதி உத்யோக் என்னும் புதிய கம்பெனியை நிறுவி, 1982-இல் ஜப்பானியச் சுசூகியோடு ஒப்பந்தம் செய்துகொண்டது. ஒரு இலட்சத்திற்கும் மேற்பட்டோர் முன்பணம் கட்டிப் பதிவு செய்தனர். 1983 டிசம்பர் 14-ஆம் நாள் பிரதமர் இந்திரா காந்தி முதல் காரின் சாவியைத் தில்லிவாசியான ஹர்பால் சிங்கிடம் வழங்கினார். மூன்று சிலிண்டர்களும் 796 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் உடைய அவ்வெள்ளை வண்டி, இந்தியரின் வாழ்க்கை முறையையே மாற்றிவிட்டது.

மாருதியின் வருகையால் விற்பனை என்னும் வழி முதன்முறையாக அகலத் திறந்தது. பழைய வண்டியைக் கொடுத்துவிட்டுப் புதியதை வாங்கலாம் என்னும் நிலை பிறந்தது. காத்தல் கட்டாயமாக இருந்த காலம் போய், அது விருப்பமாயிற்று. விருப்பமானவுடன் பலர் அதனைக் கைவிட்டனர். ஃபியட்டுகளும் ஹெரால்டுகளும் ஆயிரக்கணக்கில் பழைய இரும்புக் கடைக்குச் சென்றது இதற்குப் பின்னரே. ஃபியட்டின் வழி வந்த பிரீமியர் பத்மினியின் உற்பத்தியும் 2000-ஐ ஒட்டி நின்றது. மும்பையில் டாக்சிக்கு 20 ஆண்டு எல்லை உண்டு. கடைசிப் பத்மினி டாக்சி 2003 அக்டோபரில் பதிவானது. 2023 அக்டோபரில் அதன் எல்லையும் முடிந்தது.

பழைய வண்டிகளை விரட்டிய மாருதிக்கும் முதுமை வந்தது. 2010 ஏப்ரலில் புதிய புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபோது தில்லி உள்ளிட்ட 13 நகரங்களில் மாருதி 800-இன் விற்பனை நின்றது. 2014 ஜனவரியில் உற்பத்தியும் நின்றது. முதல் காரின் உரிமையாளர் ஹர்பால் சிங் 2010-இல் காலமானார். டி.ஐ.ஏ. 6479 என்னும் எண்ணுடைய அவ்வரலாற்று வண்டியும் அதன் பின் வெயிலிலும் மழையிலும் நின்று துருவேறிற்று. இறுதியில் அது முற்றும் புதுப்பிக்கப்பெற்று, 2022-இல் மாருதி கம்பெனியின் தலைமையகத்தில் காட்சிக்கு வைக்கப்பெற்றது. நாட்டின் முதல் மாருதிக்கே இந்நிலை நேர்ந்ததென்றால், நம் வீட்டு வண்டிக்கு நேர்வதில் வியப்பென்ன? அதனைக் கெடுத்தது விற்பனையும் அன்று, மாற்றமும் அன்று, முடிவு செய்யாமையே.

சட்டம் குறித்த வயது

வண்டியின் ஆயுளை முற்காலத்தில் பற்றாக்குறை நீட்டியது. பின்னர்ச் சந்தை குறைத்தது. இப்போது சட்டம் அளக்கின்றது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி சொந்தக் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். கட்டணமும் ஏறியுள்ளது. முன்பு 600 ரூபாயாக இருந்த புதுப்பித்தல் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 5,000 ரூபாயாயிற்று. 20 ஆண்டு கடந்த கார்களுக்கு 2025-இல் 10,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது.

தலைநகரில் வாழும் நமக்குக் கட்டுப்பாடு இன்னும் கடுமையானது. பசுமைத் தீர்ப்பாயத்தின் ஆணையை நிலைநிறுத்தி உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரில் 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளும் 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகளும் தலைநகர் வட்டாரத்தில் ஓடலாகாது என்றது. 2025 ஆகஸ்டில் அந்நீதிமன்றம் வயதை மட்டும் காரணமாக்கி நடவடிக்கை எடுப்பதைத் தடுத்தது. அவ்வாண்டு டிசம்பரிலோ அப்பாதுகாப்பு பாரத் ஸ்டேஜ் நான்காம் படியும் அதற்கு மேலும் உள்ள வண்டிகளுக்கே உரியது எனத் திருத்தியது. இதனை மேலே கூறிய 2010-ஆம் ஆண்டுச் செய்தியோடு சேர்த்து நோக்குக. தில்லியில் புதிதாய் விற்ற மாருதி 800 ஒவ்வொன்றும் நான்காம் படிக்கு முந்தியது. 15 ஆண்டையும் கடந்தது. எனவே அவ்வண்டியைத் தலைநகரில் அன்றாடம் ஓட்டும் எண்ணத்தோடு பணம் செலவிட்டுப் புதுப்பித்தல் பயன் தராது. தடையில்லாச் சான்று பெற்று, ஏற்கும் பிற மாநிலத்திற்கு அனுப்பலாம். அல்லது பதிவு பெற்ற உடைப்பு நிலையத்தில் ஒப்படைத்துச் சான்றிதழ் பெறலாம். அச்சான்றிதழைக் கொண்டு புதிய சொந்த வண்டியின் சாலை வரியில் 25 விழுக்காடு வரை சலுகை பெறவும் வழியுண்டு.

மாற்றியமைத்தலுக்கும் எல்லை வகுக்கப்பட்டுள்ளது. கம்பெனி குறித்த அமைப்பினின்று மாறுபடும்படி வண்டியைத் திருத்தலாகாது என உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்தது. அனுமதி பெற்ற எரிவாயுக் கருவியையோ மின்சாரக் கருவியையோ பொருத்தி, பதிவுச் சான்றில் குறிக்கச் செய்தால் குற்றமில்லை. ஆயினும் மின்சார மாற்றத்தின் செலவு, பழைய சிறு கார் ஒன்றின் விற்பனை விலையைப் போலப் பன்மடங்காகும்.

சட்டம் ஒரு புதிய கதவையும் திறந்துள்ளது. 50 ஆண்டு கடந்து, முதல் அமைப்புக் கெடாத வண்டிகளைப் பழம்பெரும் வண்டிகளாகப் பதிவு செய்ய 2021 ஜூலையில் விதி வகுக்கப்பட்டது. கட்டணம் 20,000 ரூபாய். பதிவு 10 ஆண்டு செல்லும். கண்காட்சி, பேரணி, பழுதுபார்ப்பு, எரிபொருள் நிரப்புதல் ஆகியவற்றிற்கு மட்டுமே அவற்றைச் சாலையில் ஓட்டலாம். ஹெரால்டு வண்டிகள் அனைத்தும் இவ்வயதைக் கடந்துவிட்டன. கடைசல் சக்கரமும் புதுமோஸ்தர் எஞ்சினும் பொருத்தி அழகு செய்தவர் இப்பேற்றை இழப்பர். தந்தையார் விட்டுச் சென்ற நிலையில் காத்தவர் இதனைப் பெறுவர்.

புதுப்பிப்போர் எரிபொருளின் வரலாற்றையும் அறிதல் நலம். ஈயம் கலந்த பெட்ரோல் 2000 பிப்ரவரியில் நாடு முழுவதும் நின்றது. அதற்கு முந்திய பழைய எஞ்சின்கள் பலவற்றின் வால்வு இருக்கைகள் அவ்வீயத்தை நம்பி அமைந்தவை. கடினப்படுத்திய வளையங்களை அவ்விடத்தில் பொருத்த வேண்டும். இப்போது பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலக்கின்றது. அது பழைய ரப்பர்க் குழாய்களையும் வாஷர்களையும் கெடுக்கக்கூடும் என்பதால் அவற்றையும் மாற்றுதல் வேண்டும்.

ரயில்வே கற்பிக்கும் பாடம்

என் பணியிடமாகிய ரயில்வேயில் ஒவ்வொரு வண்டிக்கும் பெட்டிக்கும் ஆயுட்காலம் குறிக்கப்பட்டுள்ளது. குறித்த காலத்தில் அது பணிமனைக்குச் சென்று முற்றும் திருத்தப்படும். ஆயுள் முடிந்தால் ‘கண்டம்’ செய்யப்படும். அகலப் பாதையில் நீராவி எஞ்சின்களின் அன்றாடப் பணி 1995-இல் முடிந்தது. அவற்றிற் பெரும்பாலானவை பழைய இரும்பாயின. அதற்காக ரயில்வேயை நன்றி கெட்டதென்று கூறலாமா? அதே ரயில்வே, 1855-இல் செய்யப்பெற்று 1909-இல் ஓய்வு பெற்ற ஃபேரி குவீன் என்னும் எஞ்சினைப் புதுப்பித்து 1997-இல் தில்லியிலிருந்து ஆல்வாருக்கு ஓட்டிக் காட்டிற்று. அக்காலத்தைச் சேர்ந்த மற்றொரு எஞ்சினைச் சென்னைப் பெரம்பூர்ப் பணிமனையார் உயிர்ப்பித்தனர். எல்லாவற்றையும் காக்க முயன்றிருந்தால் ஒன்றையும் காத்திருக்க முடியாது. உழைப்பிற்குரியவற்றை உரிய காலத்தில் விடுத்து, சாட்சிக்குரியவற்றைத் தேர்ந்து முழுமையாகக் காத்ததே அங்குக் கடைப்பிடித்த முறை.

நாம் செய்யத்தக்கது

இம்முறையே இல்லத்திற்கும் பொருந்தும். அலுவலகத்திற்கும் கடைக்கும் சென்று வரும் கருவியாக மட்டும் வண்டியைக் கருதுவோர், அது விலைபோகும் காலத்திலேயே விற்றல் நன்று. நகரின் காற்றைச் சுவாசிப்பவர் நம் குழந்தைகளே ஆதலின் இதில் வருந்துதற்கு இடமில்லை. அரிதாய் எஞ்சிய ஹெரால்டு போன்றதாயின், அடிச்சட்டம் உறுதியாயின், நிழலான இடமும் தொடர்ந்து செலவிடும் ஆற்றலும் இருப்பின், முதல் அமைப்பு மாறாமல் புதுப்பிக்கலாம். இடமும் ஆற்றலும் இல்லாதவர் அவை உடைய ஓர் ஆர்வலருக்கு அதனைக் கொடுப்பதும் காத்தலே ஆகும். மாருதியும் ஃபியட்டும் தனி அடிச்சட்டம் இல்லாதவை. கூடே தாங்கும் உறுப்பாய் அமைந்தவை. அவற்றின் தளமும் ஓரங்களும் அரித்துப்போயிருப்பின் மேற்பூச்சால் மறைத்து ஓட்டுதல் உயிருக்கே இடர். மாற்றியமைத்தலை, தக்க பயனும் சட்டத்தின் ஒப்புதலும் சேரும் இடத்தில் மட்டுமே மேற்கொள்ளல் வேண்டும்.

எழுத்தன் என்னும் முறையில் ஒரு வேண்டுகோள். தந்தையார் மறைந்த பின்னும் அவர் பெயரிலேயே நிற்கும் வண்டிகள் பல. மறைவை 30 நாட்களுக்குள் பதிவு அலுவலகத்திற்குத் தெரிவித்து, மூன்று மாதங்களுக்குள் 31-ஆம் படிவத்தில் பெயர் மாற்றம் கோர வேண்டும் என்பது விதி. அது செய்யப்படாதவரை விற்பதும் இயலாது. புதுப்பித்து ஓட்டுவதும் இயலாது. விற்றவரும் பெயர் மாற்றம் முடிந்ததை உறுதி செய்துகொள்ளல் வேண்டும். பதிவேட்டில் உள்ளவரே விபத்திற்குப் பொறுப்பாளர் என உச்ச நீதிமன்றம் 2018-இல் தெளிவாக்கியுள்ளது. உடன்பிறந்தார் ஒருமுறை கூடியமர்ந்து பேசினால் முடியும் செயல் இது. பேசாமல் ஒத்திப்போட்டால் துரு முடிவு செய்துவிடும்.

வண்டி எவ்வழிச் சென்றாலும் அதன் பதிவுப் புத்தகத்தின் படி, வாங்கிய ரசீது, குடும்பத்தோடு எடுத்த நிழற்படம் ஆகியவற்றை இழக்கலாகாது. சொந்த ஊரை விட்டு வந்து இங்கே குடியேறிய நம் மூத்தோர், எந்த ஆண்டில் எவ்வளவு சம்பளத்தில் என்ன விலைக்கு ஒரு சிறு காரை வாங்கினர் என்பது அக்காகிதங்களில் உள்ளது. அது நம் சமூகத்தின் வரலாறு. நம் சங்கம் அடுத்த ஆண்டு மலரில் இத்தகைய நிழற்படங்களுக்கும் குறிப்புகளுக்கும் சில பக்கங்கள் ஒதுக்குமாயின், உறையின் கீழ் உறங்கும் வண்டிகள் பலவற்றின் கதை நம் பிள்ளைகளுக்குக் கிட்டும். அன்பர்கள் ஆவன செய்வார்கள் என்று நம்புகிறேன்.